வேட்டி கட்டி வந்த அப்பாவும் சர்வீஸ் லிஃப்டும்: தோற்றத்துக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்?

கேள்வி: பாலாற்றுப்பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தவள். பதினோரு ஆண்டுகளாகப் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். இப்போது சர்ஜாபூர் சாலையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் தந்தை மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கடந்த சித்திரையில் அவர் எங்களைப் பார்க்க வந்தார். வழக்கமாக கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு நானே போய் அழைத்து வருவேன். அன்று அலுவலகத்தை விட்டு வர முடியாததால் அவரே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, அரைக்கை வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு சாக்குப்பை நிறைய மாங்காய், கையில் மஞ்சப்பை. வாசலில் இருந்த காவலர் இந்தியில் கேட்டிருக்கிறார்; அப்பாவுக்கு இந்தி தெரியாது. வீட்டு எண் எழுதிய காகிதத்தை நீட்டியிருக்கிறார். காவலர் இன்டர்காமில் அழைத்தார், என் மாமியார் அனுப்பச் சொன்னார், எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதன்பிறகு அந்தக் காவலர் அப்பாவைக் கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சர்வீஸ் லிஃப்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். யாரோ வீடு காலி செய்துகொண்டிருந்ததால் அந்த லிஃப்ட் கட்டில், பீரோ என்று ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் அப்பா அங்கேயே நின்றிருக்கிறார். முன்பக்கத்தில் இரண்டு லிஃப்டுகள் சும்மா இருந்தன.

காவலர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். "பாபா" என்று அழைத்து, சாக்குப்பையைத் தானே வாங்கிச் சுமந்து வந்தார் என்று அப்பாதான் சொன்னார். ஆகவே அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

என்னை உறுத்துவது அடுத்து நான் செய்த காரியம். ஆடியில் அப்பா மறுபடியும் புறப்பட்டபோது, முதல்நாள் இரவு தொலைபேசியில், "அப்பா, இந்த முறை பேண்ட் போட்டுக்கொண்டு வாருங்கள், தம்பி வாங்கிக் கொடுத்த ஷூவையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். "சரிம்மா" என்றார்; அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே வந்தார். அன்று அவரை அழைத்துவர நானும் போயிருந்தேன். அதே காவலர் கையை உயர்த்தி சல்யூட் வைத்தார். அந்த சல்யூட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

உடையும் செருப்பும் கையிலிருக்கும் பையும் ஒருவரை எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு செய்யும் அளவுக்கு எப்படி வலிமை பெறுகின்றன? யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே காவலருக்கும் எனக்கும் அது எப்படித் தெரிந்தது? அப்பாவிடம் நான் சொன்னது தவறா? இதைப் பற்றி ஆழ்ந்து யோசித்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பழைய கரும்பலகை

அன்புள்ள மகளுக்கு, நான் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது பெங்களூருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். உங்கள் கேள்வியை இருமுறை படித்தேன்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1951இல், தம் இளம் வயதில், வர்க்கத் தகுதியின் அடையாளங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்பின் தெரியாத ஒருவரை எதிர்கொள்ளும்போது அவரை எப்படி நடத்துவது என்று சில நொடிகளில் நாம் முடிவு செய்தாக வேண்டும்; அவருடைய வங்கிக் கணக்கையோ பதவியையோ கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பின் பேசத் தொடங்குவது நடக்காத காரியம் என்பதால், கண்ணுக்குத் தெரிகிறவற்றை வைத்துத் தெரியாததை ஊகிக்கிறோம். அப்படி ஊகிக்க உதவுவதைத்தான் அவர் தகுதி அடையாளம் என்கிறார். அடையாளம் என்று ஒன்று இருந்தால், அதற்கு உரியவர் அல்லாதவரும் அதை அணிந்துகொள்ளலாம். அதைத் தடுப்பதற்குச் சமூகம் என்னென்ன வேலிகள் போடுகிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கட்டுரையின் சிறந்த பகுதி. சில அடையாளங்களுக்கு விலையே வேலி. சிலவற்றைப் பெற நெடுங்காலப் பயிற்சி வேண்டும். சில, பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து மட்டுமே வருபவை: மேசையில் உட்காரும் விதம், ஒரு சொல்லை உச்சரிக்கும் விதம். கடைசியாக உடம்பு. பல ஆண்டுகள் செய்த வேலையும் உண்ட உணவும் கையிலும் தோலிலும் எழுதிவைத்ததை ஒரே நாளில் அழித்துவிட முடியாது.

உங்கள் தந்தை ஆடியில் அணிந்து வந்த பேண்டும் ஷூவும் இவற்றில் மிக எளிதாகக் கைக்கு எட்டும் வகையைச் சேர்ந்தவை. அதனால் அவை வாசலைக் கடக்க உதவின. அதே லிஃப்டில் யாராவது அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அங்கே அடுத்த வாசல் வந்திருக்கும். இதை உங்களை வருத்துவதற்காகச் சொல்லவில்லை. உடையை மாற்றச் சொன்னதால் மட்டும் இந்தக் காரியம் முடிந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடையாளங்கள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை; ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொன்றுக்கு உலவி வருகின்றன. கைப்பேசி நம் நாட்டுக்கு வந்த 1995ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதைக் கையில் வைத்திருப்பதே ஒரு தகுதி. எல்லோர் கையிலும் வந்த பிறகு, எந்தக் கைப்பேசி என்பது தகுதியாயிற்று. கேழ்வரகுக் களி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. என் சிறுவயதில் விருந்தாளி தெருமுனையில் தெரிந்தால் அம்மா களிச்சட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு உலையில் அரிசி போடுவார். அரிசிச் சோறுதான் மானம். இன்று இந்திராநகரில், விலை அதிகமான உணவகம் ஒன்றில், அதே களியைச் சிறிய பித்தளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். வசதி உள்ளவர்கள் களிக்கு வந்துவிட்ட காலத்தில் வெள்ளைச் சோறு மட்டும் உண்பது ஏழையின் அடையாளமாகிவிட்டது.

இந்த ஊரில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2024 பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், தலையில் துணிமூட்டையோடு வந்த ஒரு விவசாயியை, பயணச்சீட்டு இருந்தும், உடை அழுக்காக இருக்கிறது என்று உள்ளே விடவில்லை. சக பயணி ஒருவர் உடன்நின்று வாதாடிய பிறகே அவர் போக முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் மாகடி சாலையில் உள்ள ஒரு வணிக வளாகத்தில், மகனோடு படம் பார்க்க வந்த முதியவரைப் பஞ்சே, அதாவது வேட்டி, கட்டியிருந்தார் என்பதற்காகத் தடுத்தார்கள். அரசு அந்த வளாகத்தை ஏழு நாட்கள் மூடவைத்தது. தமிழ்நாட்டில் 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றம் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாததால், சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. கதவைத் திறந்துவிடச் சட்டத்தால் முடிகிறது. எந்த லிஃப்டில் யாரை ஏற்றுவது என்பது சட்டத்தின் கண்ணுக்குப் படாத இடம்.

இன்னும் ஒன்று. உயர்ந்தோரின் அடையாளங்களை உருவாக்குவதும் துடைத்துப் பராமரிப்பதும் அந்த வர்க்கத்தைச் சேராத ஒரு கூட்டத்தாரின் வேலையாகிவிடுகிறது என்றும் காஃப்மன் எழுதுகிறார். வீட்டுப் பணியாளர்களையும் அவர் அதில் சேர்க்கிறார். உங்கள் வாசலில் நிற்கும் காவலரையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பதில்: மாரிக்குப்பம் வண்டி

ஐயா சொன்ன அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். பதினேழு ஆண்டுகளாகக் காவல் பணி. இப்போது மூன்று குடியிருப்புகளுக்கு மேற்பார்வையாளர். அக்கா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

புதிதாக வரும் பையனுக்கு முதல்நாள் நாங்கள் சொல்லிக்கொடுப்பது, ஆளைக் காலிலிருந்து பார் என்பதுதான். செருப்பா ஷூவா, நடந்து வந்தாரா வண்டியில் வந்தாரா, கையில் என்ன பை, இவ்வளவும் அவர் வாயைத் திறப்பதற்குள் பார்த்தாகிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பையன் தானே கற்றுக்கொள்வது ஒன்று உண்டு. வீட்டுக்காரர் எங்களைப் பார்ப்பதே இல்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு நொடி தயங்குகிறவரைத்தான் நாங்கள் நிறுத்துகிறோம். உங்கள் அப்பா காவலரைப் பார்த்து நின்றிருப்பார், ஒருவேளை வணக்கமும் சொல்லியிருப்பார். மரியாதை தெரிந்த மனிதர் என்பதாலேயே அவர் வெளியாள் என்று தெரிந்துபோயிருக்கும்.

காவலர் ஏன் யோசிக்காமல் பின்பக்கம் அழைத்துப் போனார் என்றால், தவறு செய்தால் வரும் தண்டனை இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. காரில் வந்த உறவினரை இரண்டு நிமிடம் நிறுத்தினால், அன்று மாலையே குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் புகார் வரும். வார இறுதிக்குள் அந்தப் பையனை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்வார்கள். சாக்குப்பையோடு வந்தவரை முன்பக்க லிஃப்டில் ஏற்றினால், "யாரை ஏற்றினாய், தரையெல்லாம் மண்" என்று அதற்கும் புகார் வரும். வேட்டி கட்டியவரைப் பின்பக்கம் அனுப்பியதற்காக என் பதினேழு ஆண்டுகளில் ஒரு புகாரும் வந்ததில்லை. வருத்தப்படாமல் கேளுங்கள், உங்களிடமிருந்தும் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு பையன், எந்தப் பக்கம் அடி விழாதோ அந்தப் பக்கம் ஒதுங்கக் கற்றுக்கொள்கிறான்.

எங்கள் சீருடையைப் பற்றியும் எழுத வேண்டும். தோளில் பட்டை, மார்பில் விசில் கயிறு, தலையில் தொப்பி என்று போலீஸ்போலத் தைத்திருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அதற்கான பணத்தை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நிற்கும்வரை அதற்கு ஓர் அதிகாரம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் "எந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்?" என்று ஒருமையில் கேட்பார். அதனால் வண்டியில் வரும் எங்கள் பையன்கள் யாரும் சீருடையில் வருவதில்லை. பையில் மடித்து எடுத்துவந்து, தண்ணீர் மோட்டார் அறையில் மாற்றிக்கொள்கிறோம்.

ஒரு வழி சொல்கிறேன். "சர்வீஸ் லிஃப்ட் சரக்குக்கு மட்டும், எந்த வீட்டுக்கு வரும் விருந்தினரும் முன்பக்க லிஃப்டில் போகலாம்" என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து எழுத்துமூலம் ஒரு விதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அந்தப் பையனிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

பதில்: அல்சூர் ஏரிக்கரை

ஐயா எழுதியதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆயினும் ஓரிடத்தில் நான் முழுமையாக மாறுபடுகிறேன். அடையாளங்கள் மேலிருந்து கீழே தாமாக உலவி வருவது போன்ற எண்ணத்தை அந்தக் கட்டுரை தருகிறது. நம் மண்ணில் அவை அப்படி வரவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, தலைமுடியைக் கத்தரித்து அழகுபடுத்தக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. சட்டைக்கும் செருப்பிற்கும் இங்கே விலை மட்டும் வேலியாக இருக்கவில்லை.

என் தாத்தா கண்டோன்மென்ட்டில் வேலை கிடைத்து ஊரைவிட்டு வந்தவர். ஊரில் இருந்தவரை மேலத்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பாராம். இங்கே வந்து வாங்கிய முதல் சம்பளத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கினார். இறக்கும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசற்படியில் உட்கார்ந்து, வேலைக்குப் போகாத வயதிலும், அந்த ஜோடிக்குப் பின் வாங்கிய ஷூக்களுக்கெல்லாம் பாலிஷ் போடுவார். முதலில் பழந்துணியால் தூசி தட்டி, பிறகு வட்டம் வட்டமாகத் தேய்த்து, நாடாவைத் தனியே உருவித் துவைத்துக் காயவைப்பார். சிறுவயதில் நான் அதை வேடிக்கையாகப் பார்த்தேன். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. பின்னாளில் நானே புரிந்துகொண்டேன்.

காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைத் துறந்தார். அண்ணல் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்தார். அவருடைய சிலைகளும் அப்படியே நிற்கின்றன. போட்டிருந்தவர் கழற்றுவதற்கும், போடவே கூடாது என்று விலக்கப்பட்டவர் போட்டுக்கொள்வதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பார்க்காமல் உடையைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே சகோதரி, அப்பாவைப் பேண்ட் போடச் சொன்னதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பேண்ட் போராடிப் பெற்றது.

சர்வீஸ் லிஃப்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டீக்கடையின் இரட்டைக் குவளைதான் நினைவுக்கு வருகிறது. அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டில், சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். மற்ற டம்ளர்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும்.

பதில்: பழைய கரும்பலகை

அல்சூர் நண்பர் சொல்வதை ஏற்கிறேன். உலவி வருவதாக நான் எழுதியது களிக்கும் கைப்பேசிக்கும் பொருந்தும். செருப்புக்கும் சட்டைக்கும் பொருந்தாது. நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியபோதும் இந்த வேறுபாட்டை நான் போதிய அழுத்தத்தோடு சொன்னதில்லை.

பதில்: மூன்றாம் மாடி

எங்கள் குடியிருப்பில் "பணியாளர்கள் இந்த லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்" என்றிருந்த பலகையை மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுக்கவைத்தோம். இரண்டு பொதுக்குழுக் கூட்டங்கள் தேவைப்பட்டன. சுகாதாரம், வியர்வை வாசனை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். நாய்கள் முன்பக்க லிஃப்டில்தானே போகின்றன என்று ஓர் அம்மையார் எழுந்து கேட்டபோது கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சற்றுப் போயிற்று.

ஆனால் பலகையை எடுத்த பிறகும் எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்கா பின்பக்க லிஃப்டிலேயே வருகிறார். ஏன் என்று கேட்டேன். "அதில் ஏறினால் நாலு பேரோடு பேசிக்கொண்டு வரலாம். முன்பக்கம் ஏறினால் மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டியிருக்கிறது" என்றார். விதியை மாற்றுங்கள், கட்டாயம் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் நெடுநாள் ஆகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: பாலாற்றுப்பெண்

எல்லோருக்கும் நன்றி. மாரிக்குப்பம் அண்ணன் கேட்டது சரிதான். நான் புகார் எழுதவில்லை. அப்பாவை உடை மாற்றவைப்பது எனக்கு எளிதாக இருந்தது, சங்கத்தோடு வாதாடுவது கடினமாகத் தெரிந்தது.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, நேற்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன், பேண்ட் போடச் சொன்னது வருத்தமா என்று. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் காக்கிப் பேண்ட் போட்டவன்மா நான். கம்பத்துல ஏறுறவனுக்குப் பேண்ட்டு. கீழ நின்னு கையைக் காட்டுற தலைவருக்கு வேட்டி. ரிட்டையர் ஆன அன்னிக்குத்தான் நானும் வெள்ளை வேட்டி கட்டினேன்." எங்கள் ஊரில் வெளுத்த வேட்டியில் ஒருவர் தெருவில் நடந்தால் திண்ணையில் இருப்பவர் எழுந்து நிற்பார். அந்த மரியாதைக்கு அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் காத்திருந்தார் என்பது இவ்வளவு நாளாக எனக்குத் தெரியவில்லை. அல்சூர் அண்ணனின் தாத்தாவுக்கு ஷூ எதுவாக இருந்ததோ, அப்பாவுக்கு வேட்டி அதுவாக இருந்திருக்கிறது.

சங்கத்துக்கு மனு எழுதத் தொடங்கிவிட்டேன். மாரிக்குப்பம் அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சித்திரையில் நடந்ததை மனுவில் எடுத்துக்காட்டாக எழுத நினைக்கிறேன். அதனால் அந்தக் காவலருக்குத் தீங்கு வருமா?

பதில்: மாரிக்குப்பம் வண்டி

வரும் அக்கா. மெட்ரோ நிலையத்தில் அன்று வேலை போனது வாசலில் நின்றவருக்குத்தான். நடந்ததை எழுதுங்கள், ஆனால் தேதியையும் நேரத்தையும் எழுதாதீர்கள். எந்த வாசல் என்றும் குறிப்பிட வேண்டாம். பணிப் பதிவேட்டைப் புரட்டினால் யார் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.